கடைசி உருண்டை பதுளை

வெள்ளிமலைத் தோட்டம், மேல் பிரிவு,
அப்புத்தளை.
28.01.2024

அன்புள்ள விஜி,

பதுளையில் கதிரை, மேசை, மின்விசிறியோடு நீ நன்றாகத்தான் இருப்பாய். அதனால் உன் சுகத்தை விசாரிக்கவில்லை. என் சுகத்தைச் சொல்கிறேன், கேள்.

பிள்ளைக் காம்பராவில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. அம்மாமார் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் பிள்ளைகளை என் கையில் திணித்துவிட்டுக் கொழுந்துக்கூடையோடு மலையேறுகிறார்கள். பிறகு மாலைவரை அழுகை, மூக்குச்சளி, பாட்டு, தூக்கம், மறுபடி அழுகை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இதே காம்பராவில்தான் கிடந்தேன். என் தொட்டிலை மட்டும் வாசல் பக்கம் தனியாகக் கட்டுவார்களாம், அம்மா சொல்வாள். இப்போது அதே வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறேன். அவர்கள் என்னை 'நிஷா டீச்சர்' என்கிறார்கள். முதல்நாள் அதைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று.

இதெல்லாம் நீ போட்ட பிச்சை. கோபிக்காதே, விளையாட்டுக்குச் சொன்னேன். மாகாணக் காசில் ஒரு வருடம் பயிற்சி, முடிவில் சான்றிதழ், அதன்பிறகு முன்பள்ளி ஆசிரியை வேலை என்று திட்டம் வந்தபோது தோட்டத்துக்கு ஓர் இடம்தான் இருந்தது. திட்ட அலுவலகத்தில் இருந்துகொண்டு அந்த ஒன்றை எனக்குப் பிடித்துத் தந்தவள் நீ. அதை நான் மறக்கமாட்டேன்.

அப்பாவுக்கு டிசம்பரோடு வேலை முடிகிறது. அவர் விளக்குமாற்றைச் சாத்தினால், வீட்டில் இன்னொருவருக்குத் தோட்டத்தில் வேலை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் குடியிருக்கிற லயக் காம்பராவைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். அண்ணன் கொழும்புக் கடையை விட்டு வரமாட்டான். அப்படியானால் அப்பாவின் வாசக்கூட்டி வேலை எனக்குத்தான், லயத்துச் சாக்கடைக் கானையும் கக்கூசையும் கூட்டிக் கழுவுகிற வேலை. சான்றிதழ் கிடைத்துவிட்டால் ஆசிரியை என்ற பேரிலேயே காம்பரா நிலைக்கும். எப்படியாவது டிசம்பர்வரை போய்விடவேண்டும், விஜி. வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

பொங்கலுக்கு வழக்கம்போல அம்மா உங்கள் வீட்டுக்குப் பச்சரிசியும் தேங்காயும் கொடுத்தாள். எங்கள் வீட்டில் பொங்கியதை அனுப்ப முடியாதே. உன் அம்மா பொங்கலாகவே திருப்பி அனுப்பினார். நல்ல நெய்மணம்.

உன் மகன் கிஷாந்தன் எல்லோரையும் அடிக்கிறான், ஆனால் அடித்துவிட்டு அவனே அழுகிறான்.

அன்போடு,
நிஷா

---

பதுளை
11.02.2024

என் அருமை நிஷாவுக்கு,

உன் கடிதத்தை மர்ஸூக் நானா பஸ்ஸில் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார். கண்டக்டர் வேலையோடு நம்முடைய தபால்காரர் வேலையையும் பார்க்கிறார், பாவம். போன் எடுக்கலாம்தான். ஆனால் உங்கள் லயத்தில் சிக்னல் இல்லாமல் நீ கோயில் வாசல்வரை ஏறி வந்து பேச, அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எழுதுவதுதான் நிம்மதி. பழைய பள்ளிக்கூட நாட்கள் போலவும் இருக்கிறது.

பிச்சை என்றெல்லாம் எழுதாதே, மனம் வருத்தப்படுகிறது. நான் உன்னை அப்படியா நினைத்தேன்? உன் பெயரைச் சொன்னபோது, "அந்தக் கடைசி லயத்துப் பிள்ளையா?" என்று அப்பாவே கேட்டார். தோட்டத் தலைவர் அல்லவா, அவருக்கு நாலு பேரின் வாயையும் பார்க்கவேண்டும். நான்தான் விடாமல் நின்று சம்மதிக்க வைத்தேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். மாகாணம் கொடுக்கிற காசு பிள்ளைகளைப் பார்த்துத்தான் வருகிறது. பதினைந்து பிள்ளைக்குக் குறைந்தால் பயிலுநர் இடத்தை அடுத்த தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். உன்னிடம் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. சும்மா சொல்லிவைத்தேன்.

கிஷானை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை. புவனேந்திரன் கத்தாரில், நான் இங்கே ஹொஸ்டலில், பிள்ளை அம்மாவிடம். மூன்றரை வயதுக்கு அவன் உடம்பில் எலும்புதான் தெரிகிறது. அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறக்கிறான் இல்லையாம். நீ எப்படியாவது அவனைச் சாப்பிட வை. உன் கையில்தான் என் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
விஜி

---

மேல் பிரிவு
24.03.2024

அன்புள்ள விஜி,

உன் மகன் இப்போது சட்டியோடு சாப்பிடுகிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீயும் ஒரு பிடி அதிகம் சாப்பிடுவாய்.

எப்படி என்று கேள். காம்பரா ஜன்னலால் பார்த்தால் கீழே ரயில் பாதை தெரியும் அல்லவா? ஒருநாள் சோற்றைப் பார்க்காமல் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், அது எங்க போவுது?"

"பதுளைக்கு."

"எங்கம்மா பதுளையிலதான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. சோற்றையும் பருப்பையும் பிசைந்து ஆறு உருண்டை பிடித்தேன். இது அப்புத்தளை ஸ்டேஷன், வண்டி புறப்படுகிறது என்று கூவினேன். முதல் உருண்டை தியத்தலாவை. பிறகு பண்டாரவளை, எல்ல. நாலாவது தெமோதரை. அங்கே நிஜ ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கு அடியில் புகுந்து போகும், நீயும் நானும் எத்தனை தரம் தலையை நீட்டிப் பார்த்திருக்கிறோம். அதனால் அந்த உருண்டையை அவன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டித்தான் வாயில் போடவேண்டும். மறந்துவிட்டால், "டீச்சர், வண்டி சுத்தல!" என்று வாயைப் பொத்திக்கொள்கிறான். ஐந்தாவது ஹாலி-எல. கடைசி உருண்டை பதுளை. அதை மட்டும் அவனே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

இனி அலுவலகக் கதை. சமைக்கிற ஆயம்மா மகள் வீட்டோடு போய்விட்டார். புதியவர் வரும்வரை மதியச் சாப்பாட்டைப் பயிலுநரே சமைக்கவேண்டும், அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்று உங்கள் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. கீழே உன் கையெழுத்து. விஜி, நீ யோசித்துத்தான் போட்டாயா? ஆயம்மா சமைத்ததை நான் ஊட்டுகிறேன் என்பதால் இதுவரை எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். இனி பானையே என்னுடையது. எனக்குச் சமைக்கத் தெரியும். அவர்களுக்குச் சாப்பிடத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

பொறுப்பாசிரியை லீலாதேவி மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்து ஆள், பொதுவாக இதிலெல்லாம் தலையிடமாட்டார். "கடிதம் வந்தா நடக்கத்தானே வேணும், நிஷாந்தினி. சமைச்சுக் காட்டினால்தான் உமக்குப் புள்ளி போடலாம்" என்றார். புத்தாண்டு முடிந்ததும் அடுப்பு என் கையில்.

நிஷா

---

பதுளை
31.03.2024

என் அருமை நிஷா,

ரயில் கதையைப் படித்து அழுதேன், சிரித்தேன். ஹொஸ்டல் பெண்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நீ பிறவி டீச்சரடி.

அந்தக் கடிதம் எல்லாத் தோட்டத்துக்கும் போன ஒரே கடிதம். உன்னை நினைத்து ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நீ சொன்ன பிறகு எனக்கும் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கிறது. ஊர் எப்படி என்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறபடி செய். நடு லயத்தில் யாராவது ஓர் அம்மாவைப் பிடித்துக் காலையில் உலை வைக்கச் சொல். நீ விறகு, தண்ணீர் மட்டும் பார்த்துக்கொள். சமைத்தது நீ என்று கடதாசியில் இருந்தால் போதும். எல்லோருக்கும் சந்தோஷம், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

இன்னொன்று. மர்ஸூக் நானாவிடம் ஒரு சின்னக் கரண்டி கொடுத்தனுப்புகிறேன். கிஷானுக்கு இனி அந்தக் கரண்டியாலேயே ஊட்டு. பதுளையில் நல்ல முன்பள்ளிகளில் எல்லாம் கரண்டிதான். கையைவிட அதுதான் சுத்தம். தவறாக எடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

என்றும் உன்,
விஜி

---

மேல் பிரிவு
09.06.2024

விஜி,

கரண்டி கிடைத்தது. கிஷான் அதை மண் தோண்ட வைத்திருக்கிறான்.

நான்தான் சமைக்கிறேன். இன்னொருத்தியை உலை வைக்கச் சொல்லிவிட்டு நான் விறகு பிளந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும். சோறு, பருப்பு, பூசணிக்காய், ஒருநாள் விட்டு ஒருநாள் பயறு. மிஸ்ஸே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பிள்ளைகள் குறைகிறார்கள். சாதி என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு நாகரிகம். ஒருத்தியின் பிள்ளைக்கு வயிறு சரியில்லையாம். இன்னொருத்தி வீட்டுக்கு மாமியார் வந்துவிட்டாராம், இனி அவரே பார்ப்பாராம். மூன்றாமவள் பிள்ளையைக் கொழுந்து மலைக்கே தூக்கிப்போய்த் தேயிலைக்கு அடியில் சாக்கில் கிடத்துகிறாள். நேற்று மாலை அந்தப் பிள்ளையின் காலில் மூன்று அட்டை. நான் சுண்ணாம்பு கொண்டு ஓடினேன். "பரவால்ல, நாங்க பாத்துக்குறோம்" என்று பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்திரண்டு பேர் இருந்த காம்பராவில் இப்போது பத்தொன்பது பேர்.

இனி உன் அம்மா கதை. வெள்ளிக்கிழமை பெரியாயி அம்மா கொஞ்சம் முந்தியே பேரனைக் கூட்டிப்போக வந்துவிட்டார். நாங்கள் தெமோதரையில் இருந்தோம். உருண்டை அவன் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தார். நான் அதை அவன் வாயில் வைத்ததும் போட்டாரே ஒரு சத்தம்!

"ஐயோ ஐயோ, சுத்திப் போடுற சோத்த எம் புள்ள வாயில வைக்கிறாளே! நல்லா இருப்பாளா இவ!"

புரிகிறதா? கண்ணேறு கழிக்கச் சோற்றைத் தலையைச் சுற்றி முச்சந்தியில் எறிவார்களே, காக்கைக்கும் நாய்க்கும், அந்தச் சோறு என்று நினைத்துவிட்டார். யாரோ பிள்ளையின் பீடையைச் சுற்றி உன் மகனுக்கு ஊட்டுகிறேனாம். அன்றைக்கே கிஷானுக்குக் காய்ச்சல். தோட்டம் முழுக்கக் காய்ச்சல்தான் விஜி, மிஸ்ஸுக்கும் வந்தது. அவருக்கு நான் எதையும் சுற்றவில்லை.

இப்போது குழாயடியில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கிறது. அப்பா கானைக் கூட்டும்போது, "மகளுக்கு நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்க" என்று யாரோ சொன்னார்களாம். அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

உன்னால்தான் இதை நிறுத்த முடியும். அது ரயில் விளையாட்டு என்று உனக்குத் தெரியும். அவர்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே உனக்கு எழுதியிருக்கிறேன், ஹொஸ்டல் முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறாய். உன் அம்மாவிடம் சொல். உன் அப்பாவிடம் சொல். கோயில் கூட்டத்தில் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே எல்லோரும் வந்துவிடுவார்கள். ஒரே ஒரு வார்த்தை. நான் உன்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை.

நிஷா

---

பதுளை
12.08.2024

என் அருமை நிஷா,

பதில் எழுதத் தாமதித்துவிட்டேன், கோபமாக இருப்பாய். இங்கே தேர்தல் வேலை வேறு. கடிதத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், நம்பு.

சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்தேன். உன்னைப் பார்க்க இறங்கவேண்டும் என்றுதான் இருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவிடம் உன் விஷயத்தைச் சொல்ல வாய்வரை வந்தது. அவருக்கு நெஞ்சுவலி மாத்திரை இப்போது இரண்டாக்கியிருக்கிறார்கள். "சுத்துன சோறு, சுத்துன சோறு" என்று அதையே சொல்லி அழுகிறார். அந்த நேரத்தில் நான் உன் பக்கம் பேசினால் என்ன ஆகும், நீயே யோசி. அப்பாவுக்கும் தொழிற்சங்கத் தலைவர் பதவிக்கு அடுத்த வருடம் போட்டி இருக்கிறது. எல்லா லயத்து வாக்கும் அவருக்கு வேண்டும். உங்கள் லயம் எப்படியும் அவருக்குத்தான் போடும், மற்றவர்களைத்தான் அவர் பார்த்து நடக்கவேண்டியிருக்கிறது.

அதனால் யாருக்கும் சங்கடம் இல்லாத முடிவாக ஒன்று எடுத்தேன். கிஷானை என்னோடு பதுளைக்கே கூட்டிவந்துவிட்டேன். அம்மாவும் கூடவே வந்திருக்கிறார். பசார் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடி வாடகைக்குக் கிடைத்தது. பக்கத்திலேயே நல்ல மொண்டிசோரி, இன்று டை எல்லாம் கட்டிக்கொண்டு போனான். உன்மேல் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதை நீ நம்பவேண்டும். ஒரு பிள்ளை குறைவதால் உனக்கு என்ன வந்துவிடப் போகிறது?

இரண்டு சுரிதார் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒருமுறை உடுத்தியது. உன் நிறத்துக்கு நன்றாக இருக்கும்.

என்றும் உன்,
விஜி

---

மேல் பிரிவு
20.08.2024

விஜி,

என்ன வந்தது என்று கேட்டாயே. சனிக்கிழமைவரை, பாட்டி தடுத்தும் அழுது அடம்பிடித்து வந்த கிஷானோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். தலைவர் பேரனையே தூக்கிப்போய்விட்டார்கள் என்றதும் திங்கட்கிழமை ஆறு பேர் வரவில்லை. பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த அம்மாமார் தொட்டிலில் இருந்த கைக்குழந்தைகளையும் தூக்கிப்போனார்கள். இன்று ஒன்பது பேர். ஒன்பதும் எங்கள் லயம்.

நீ அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய்வரை வந்ததாம். அந்த வாயை எனக்குத் தெரியும். பத்தாம் ஆண்டுவரை ஒரே வாங்கில் உட்கார்ந்து என் அம்மா சுட்ட ரொட்டியைத் தின்ற வாய் அது. உன் வீட்டுப் படியேறுமுன் குழாயில் அதைக் கழுவிக்கொள்வாய். ரொட்டி மணக்கும் என்று பயம். நான் உனக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து கள்ளத்தனம் செய்கிறோம் என்று. இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன், கள்ளத்தனம் உனக்குத்தான். எனக்கு அது சாப்பாடு.

திட்டுவதற்கு எழுதவில்லை. கெஞ்சுவதற்குத்தான் எழுதுகிறேன். டிசம்பர்வரை கிஷானைத் திருப்பி அனுப்பு. அவன் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். நான் ரயில் ஓட்டமாட்டேன், கையால் ஊட்டமாட்டேன், கரண்டியையே பிடிக்கிறேன். நீ முன்பு சொன்னபடி நடு லயத்து ஆள் யாராவது சமைக்கட்டும், நான் விறகு பிளக்கிறேன். எல்லாவற்றுக்கும் சரி. அப்பா தினமும் கேட்கிறார், "என்ன பாப்பா, டிசம்பர் வரைக்கும் ஓடிருமா?" என்று. அவருக்கு நான் என்ன சொல்ல?

சுரிதார் இரண்டையும் மர்ஸூக் நானாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

நிஷா

---

முன்பிள்ளைப் பருவப் பயிலுநர் திட்டம்
திட்ட அலுவலகம், பதுளை
30.09.2024

செல்வி சு. நிஷாந்தினி,
வெள்ளிமலைத் தோட்டம், மேல் பிரிவு,
அப்புத்தளை.

பயிலுநர் இடத்தை முடிவுறுத்தல்

மேற்படி நிலையத்தில் பிள்ளைகளின் வரவு, திட்டத்தில் குறிப்பிடப்பட்ட ஆகக்குறைந்த தொகைக்குக் கீழே சென்றுள்ளமையால், அந்நிலையத்துக்கான பயிலுநர் கொடுப்பனவு 01.10.2024 முதல் நிறுத்தப்பட்டு வேறொரு தோட்டத்துக்கு மாற்றப்படுகிறது என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.

பயிற்சிக்காலம் பூர்த்தி செய்யப்படாமையால் சான்றிதழ் வழங்க இயலாது. தங்கள் வசமுள்ள ஏப்ரன், விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றைப் பொறுப்பாசிரியையிடம் ஒப்படைக்கவும்.

தங்கள் சேவைக்கு நன்றி.

பு. விஜயலெட்சுமி
திட்ட உதவியாளர்
(பணிப்பாளருக்காக)

---

பதுளை
20.10.2024

நிஷா,

அந்தக் கடிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பணிப்பாளர் சொன்னதை நான் எழுதினேன். நான் எழுதாவிட்டால் வேறொருத்தி எழுதியிருப்பாள். அதைப்பற்றி நேரில் பேசுவோம். இப்போது வேறு விஷயமாக எழுதுகிறேன். உன்னிடம் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.

கிஷான் சாப்பிடுகிறான் இல்லை. வந்ததில் இருந்து இதே கதைதான். மொண்டிசோரியில் கொடுத்தனுப்பிய டப்பா அப்படியே திரும்பி வருகிறது. டொக்டர் சத்துமருந்து எழுதினார், அதையும் துப்புகிறான். தூக்கினால் காற்றைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது. வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ எழுதியபடியே செய்தேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு உருண்டை பிடித்தேன். தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தெமோதரையில் தலையைச் சுற்றினேன். முதலில் கண்ணை அகட்டிப் பார்த்தான், இரண்டு வாய் வாங்கினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டான். "பதுளை வந்துருச்சுடா கண்ணா" என்று கடைசி உருண்டையை நீட்டினேன். தட்டிவிட்டான். சோறு சுவரெல்லாம்.

நான் எதையோ விடுகிறேன். நீ எழுதாத ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டா, ஒரு சொல்லா? என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைமேல் காட்டமாட்டாய் என்று தெரியும். அவன் உன் கையில் வளர்ந்த பிள்ளை. தயவுசெய்து எழுது.

விஜி

---

மேல் பிரிவு
27.10.2024

விஜி,

உன் கடிதத்தை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மர்ஸூக் நானா தந்தார். பிள்ளைக் காம்பரா வாசல்தான். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துவிட்டது. டிசம்பர்வரை பொறுக்காமல் தோட்டத்துத் துரை இந்த மாதமே வேலையை என் பேருக்கு மாற்றிவிட்டார். காம்பரா தப்பியது. அம்மா அதற்காகச் சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் விலகிய மறுவாரமே உன் அப்பா நடு லயத்தில் இருந்து ஒரு ஆயம்மாவைப் பிடித்துத் தந்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். முன்பைவிட ஒருவர் அதிகம். நான் கானைக் கழுவ வரும்போது ஜன்னலில் முகங்களாக அடுக்கி நின்று, "நிஷா டீச்சர், நிஷா டீச்சர்" என்று கத்துகிறார்கள். முதலிரண்டு நாள் கையசைத்தேன். லீலாதேவி மிஸ் வெளியே வந்து, "குறை நினைக்காதையும் நிஷாந்தினி, எனக்கும் பென்சனுக்கு ரெண்டு வருசம்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என் ரொட்டியைத் தின்னவில்லை.

கிஷானைப் பற்றிக் கேட்டாய். பதில் எழுதக்கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். உன் பிள்ளை பட்டினி கிடக்கட்டும், நீ பார்த்துக்கொண்டிரு என்று நினைத்தேன். நன்றாக, மனதார நினைத்தேன். அப்புறம் அந்தக் காலில் அட்டை கடித்த பிள்ளை ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நீ ஒன்றையும் விடவில்லை. பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. கடைசி உருண்டை பதுளை. பதுளையில் அவன் அம்மா இருந்தாள். அம்மாவிடம் இறங்கலாம் என்றுதான் என் பிள்ளை, ஆமாம், என் பிள்ளைதான், ஆறு உருண்டையும் விழுங்கினான். இப்போது உன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். இனி எங்கே போக ரயிலேறுவான்?

வண்டியைத் திருப்பு. பதுளையில் புறப்படு. ஹாலி-எல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை. தெமோதரையில் சுற்ற மறக்காதே, உன் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் சுற்று. கரண்டி வேண்டாம். கடைசி உருண்டையை அப்புத்தளை என்று சொல். அங்கே நிஷா டீச்சர் நிற்கிறாள் என்று சொல்லிக் கொடு. உன் வீட்டில், உன் அம்மா காது கேட்க, என் பெயரைச் சொல்லிக் கொடு. வாயைத் திறப்பான், எனக்குத் தெரியும். தினமும் மூன்று வேளையும் சொல்லவேண்டியிருக்கும்.

கொஞ்ச நாளில், "அப்புத்தளை வந்துருச்சேம்மா, எப்ப எறங்குறது?" என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்டு எழுதாதே. மர்ஸூக் நானாவிடமும் சொல்லிவிட்டேன், இனி உன் கடிதம் வாங்கவேண்டாம் என்று.

சு. நிஷாந்தினி
வாசக்கூட்டி, மேல் பிரிவு